ஊர் உண்டு, நாடு இல்லை



நம் திருவண்ணாமலைக்கு வருவோரை, "நீ எந்த நாட்டான்?" என்று கேட்டு எவரும் வழிமறிப்பதில்லை. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றி வருகின்றனர். கார்த்திகைத் தீபத்தன்று ஊர் கொள்ளாத கூட்டம். இரமணாசிரமத்தை நாடிக் கடல் கடந்து வந்து, இங்கேயே வாடகை வீடு பிடித்து நெடுநாள் தங்கியிருக்கும் அயல்நாட்டாரும் உண்டு. வந்தாரை ஏற்பது இவ்வூரின் இயல்பு.

ஆயினும் இதே மாவட்டத்தில், நம் மொழியையே பேசி, நம் கடைகளிலேயே அரிசி வாங்கி, நம் பிள்ளைகளோடு தம் பிள்ளைகளையும் ஒரே பள்ளிக்கு அனுப்பி, முப்பது நாற்பது ஆண்டுகளாய் வாழ்ந்தும், அரசாங்க ஏட்டில் இன்னும் "அயல்நாட்டார்" என்றே எழுதப்பட்டிருக்கும் மக்கள் இருக்கின்றனர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழ்வோரையே குறிப்பிடுகிறேன். தமிழகமெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்திற்கும் அதிகமானோர் இவ்வாறு வாழ்கின்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். அவர்களுடைய முன்னோர் யாழ்ப்பாணத்தாரும் அல்லர், மட்டக்களப்பாரும் அல்லர். நம் மண்ணிலிருந்து சென்றவர்கள். அவர்களைப் பற்றி இத்திங்கள் சற்றே சிந்திப்போம்.

அவர்கள் கள்ளத் தோணியில் இலங்கை சென்றவர்கள் அல்லர் என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். ஆங்கிலேயர் இலங்கையின் மலைநாட்டில் 1820-களில் காப்பித் தோட்டம் இடத் தொடங்கியபோது, காடு வெட்டவும் கன்று நடவும் ஆள் வேண்டியிருந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்தும், வட ஆர்க்காட்டிலிருந்தும், கங்காணிமார் ஆள் திரட்டினர். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் ஒருபுறம் தள்ள, முன்பணம் மறுபுறம் இழுக்க, ஏழை மக்கள் புறப்பட்டனர். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய நோய்த்தடுப்பு முகாமில் அவர்களைச் சோதித்து, பதிவு செய்து, கப்பல் ஏற்றினர். அழைத்தவர் அரசாங்கத்தார், அனுப்பியவரும் அரசாங்கத்தாரே.

காப்பி, பருவத்திற்கு ஒருமுறை பறிக்கும் பயிர். ஆகவே அக்காலத்தில் சென்றவர்களுள் பலர், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869-க்குப் பின் இலைநோய் கண்டு காப்பி அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் கிள்ளப்பட வேண்டியது. கூலியாள் ஊர் திரும்பினால் தோட்டம் நின்றுவிடும். எனவே ஆண், பெண், பிள்ளை எனக் குடும்பம் குடும்பமாய் லயன் வீடுகளில் அவர்கள் நிலைகொண்டனர். அவர்களை அங்கே குடியிருக்கச் செய்தது தேயிலைச் செடியே என்றாலும் மிகையாகாது. 1939-ஆம் ஆண்டில் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர் புதிதாய் இலங்கை செல்வதைத் தடை செய்தது. ஆகவே பத்தாண்டுகள் கழித்து அங்கே இருந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள், அல்லது நெடுங்காலம் அங்கே உழைத்தவர்கள்.

1948 பெப்ரவரி 4-ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 15-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். லயனில் பிறந்த ஏழைக்குத் தன் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து கிடைக்கும்? அதற்கு அடுத்த மாதம், 1948 டிசம்பர் 10-ஆம் நாள், ஐக்கிய நாடுகள் சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. ஒரு நாட்டின் குடிமகனாய் இருப்பது ஒவ்வொரு மனிதனுக்கும் உள்ள உரிமை என்று அதன் 15-ஆம் பிரிவு முழங்கியது. உலகம் இவ்வுரிமையைப் பறைசாற்றிய அதே நாள்களில் மலைநாட்டில் இலட்சக்கணக்கானோர் அதனை இழந்து நின்றனர்.

1949-இல் மற்றொரு சட்டம் வந்தது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும், 1946-க்கு முன் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். சொல்லுக்கு இது நியாயமாகத் தோன்றும். ஆனால் வீடு தோட்டத்திற்குச் சொந்தம். வரி இரசீது இல்லை. கூலிக் கணக்கு துரையின் ஏட்டில். தொழிலாளியின் கையில் ஒன்றுமில்லை. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் இடப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. வாக்குரிமையும் 1949-இல் பறிபோயிற்று. 1947-இல் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய மக்கள், 1952-இல் வாக்குச்சாவடி வாயிலையும் மிதிக்க இயலாதவராயினர். நேற்றுவரை வாக்காளர், இன்று நாடற்றவர். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் செய்த குற்றம் என்ன? கொழுந்து பறித்ததைத் தவிர வேறொன்றும் இல்லை.

நேரு வாழ்ந்த காலம் வரையில், இம்மக்களைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்புவதை இந்திய அரசு ஏற்கவில்லை. அவர் மறைந்த சில மாதங்களில் நிலை மாறியது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். மொத்தம் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் 1974-இல் ஆளுக்குப் பாதியாய்ப் பிரிக்கப்பட்டனர். இலங்கை 4 பேருக்குக் குடியுரிமை கொடுத்தால் இந்தியா 7 பேரை அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது விகிதம். பங்காளிகள் களத்தில் நெல் அளந்து பிரிப்பதுபோல் மனிதர் பிரிக்கப்பட்டனர். அவர்களிடம் எவரும் முன்கூட்டிக் கருத்துக் கேட்கவில்லை. அதற்கு ஓராண்டிற்கு முன், 1963-இல், திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் அமைதியைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், குடிபெயரும் உரிமையும் குடிமகனாய் வாழும் உரிமையும் மனித மாண்பினின்று பிறப்பவை எனக் கற்பித்திருந்தார் என்பதை இங்கே நினைவுகூர்வது தகும்.

பின்னர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பல் கப்பலாய் அவர்கள் வந்தனர். தாயகம் திரும்பினோர் என்பது அரசாங்கம் அவர்களுக்கு இட்ட பெயர். திரும்பினோர் என்று சொல்வது எங்ஙனம்? இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவன் எப்படித் "திரும்ப" முடியும்? ஒரு குடும்பத்தில் தாய் தந்தைக்கு இந்தியக் குடியுரிமையும், மணமான மகளுக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்தால், கப்பல் துறையிலேயே அக்குடும்பம் இரண்டாயிற்று. வந்தவர்களுள் சிலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றனர். வேறு சிலர் வியாபாரக் கடன் பெற்று, பழக்கமில்லாத தொழிலில் இறங்கி, அதனையும் இழந்தனர். இலங்கையில் அவர்கள் "இந்தியாக்காரர்", இங்கே "சிலோன்காரர்". இரு கரையிலும் அவர்களுக்குச் சொந்தப் பெயர் இல்லாமற் போயிற்று.

1983 சூலையில் இலங்கையில் இனக்கலவரம் மூண்டது. தோட்டப் பகுதிகளிலும் வடக்கில் குடியேறியிருந்த இடங்களிலும் இருந்த மலையக மக்கள் பலர், யாழ்ப்பாண, வன்னித் தமிழரோடு சேர்ந்து படகேறினர். 1984-இல் கப்பல் போக்குவரத்தும் நின்றது. ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வர வேண்டியவர்களாய் இருந்தும், கப்பலில் பத்திரத்தோடு வராமல் படகில் உயிர் தப்பி வந்தவர், அகதி ஆனார். அவர்கள் கரையேறித் தங்கிய முகாம்களுள் ஒன்று மண்டபம். பாட்டன் கூலியாய்ப் புறப்பட்ட அதே துறை. பேரன் அகதியாய் வந்து இறங்கிய அதே துறை!

மலையகத்திலேயே தங்கியிருந்தோர்க்கு, 2003-ஆம் ஆண்டில் இலங்கை நாடாளுமன்றம் ஒரு வழி திறந்தது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிலையாய் வாழ்ந்தவரும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஓர் உறுதிமொழியால் குடிமக்களாகலாம் என்றது அந்தச் சட்டம். அநீதி தொடங்கிய 55-ஆம் ஆண்டில் அது ஓரளவு திருத்தப்பட்டது. ஆண்டுகள் பல சென்றாலும் ஒரு நாடு மனம் வைத்தால் சட்டத்தைத் திருத்தலாம் என்பதற்கு இதுவே சான்று.

இங்கே நிலை என்ன? நம் நாட்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 சூலை 1-ஆம் நாளுக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பினாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவராயின் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாய் இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் விதி இன்னும் இறுகியது. பெற்றோருள் ஒருவர் சட்டத்திற்குப் புறம்பாய்க் குடியேறியவர் எனக் கருதப்பட்டால், மற்றவர் இந்தியரே ஆயினும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை. இதன் பொருளை ஒரு குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே முகாமில், ஒரே தாய்க்கு, மூத்தவன் 1986-இலும் இளையவன் 1988-இலும் பிறந்தனர் என்று கொள்வோம். மூத்தவன் இந்தியன், இளையவன் அந்நியன். முன்னவனும் தன் உரிமையை எளிதில் பெறுவதில்லை. அவ்வாறு முகாமில் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட நேர்ந்தது.

குடியுரிமை இல்லாதவனுக்கு அரசுப் பணி இல்லை, வாக்கில்லை, வெளிநாடு சென்று உழைக்கக் கடவுச்சீட்டு இல்லை. முகாம் பிள்ளைகள் நன்றாகப் படிக்கின்றனர். பொறியியல் பட்டமும் பெறுகின்றனர். பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, பிறர் வீட்டுச் சுவருக்கு வர்ணம் அடிக்கச் செல்லும் இளைஞர் எத்தனை பேர்! முகாம் ஆண்களுக்கு வர்ணம் அடிப்பதே குலத்தொழில் போல் ஆகிவிட்டது. தமிழக அரசு 2021-இல் 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்து, புதிய வீடுகள் கட்டத் தொடங்கியது. அகதி முகாம் என்னும் பெயரையும் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. நன்றியோடு ஏற்க வேண்டிய செயல்கள் இவை. ஆனால் வீட்டைக் கட்டித் தர மாநில அரசால் இயலும். குடியுரிமையைத் தர மத்திய அரசால் மட்டுமே இயலும்.

திருப்பி அனுப்பப்படும் அச்சமும் அவர்களை விட்டு நீங்கியதில்லை. 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் கப்பலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் மனமொப்பித்தான் சென்றனரா என்னும் வினா சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, செல்வோரின் விருப்பத்தைக் கேட்டறியும் ஏற்பாடும் அப்போதுதான் வந்தது.

2019 சூனில் மதுரைக் கிளையின் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன், முகாமில் வாழும் மலையகத் தமிழர் தொடுத்த வழக்கில், இவர்களை இத்தனை ஆண்டுகள் நாடற்றோராய் வைத்திருப்பது அரசியலமைப்பு அளிக்கும் வாழ்வுரிமைக்கு மாறானது எனக் கண்டு, அவர்தம் விண்ணப்பங்களை ஆராய்ந்து முடிவு செய்யுமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை இயற்றியது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தார்க்கு அது வழி திறந்தது. அப்பட்டியலில் கிறிஸ்தவர் உண்டு. ஆனால் இலங்கை இல்லை. நம் சமயத்தின் பெயர் இருக்கிறதே என்று நாம் நிறைவு கொள்ளலாகாது. நம் அயலான் பெயர் விடுபட்டிருக்கிறதே என்று வருந்துவதுதான் நமக்கு அழகு.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தண்டனை பெற்ற ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகிலுள்ள அகதிகள் யாவரையும் ஏற்க இந்தியா ஒரு சத்திரம் அன்று என்னும் கருத்தைத் தெரிவித்தது. அவ்வழக்கு வேறு, அதன் நியாயங்கள் வேறு. ஆனால் சத்திரங்களும் மடங்களும் நிறைந்த ஊரில் வாழும் நமக்கு அச்சொல்லைப் பற்றி ஒன்று தோன்றாமல் இல்லை. சத்திரத்தில் இரவு தங்குபவன் விடிந்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அங்கேயே பிறந்து, அங்கேயே மணந்து, அங்கேயே பிள்ளை பெற்று, தன் பெற்றோரை அவ்வூர் மண்ணிலேயே அடக்கம் செய்தவனை வழிப்போக்கன் என்று எவரேனும் சொல்வரோ? அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணையால், 2015 சனவரி 9-ஆம் நாள்வரை அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இன்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. இது பெரிய ஆறுதல். ஆயினும் தண்டிக்கப்படாமல் இருப்பது வேறு, குடிமகனாய் இருப்பது வேறு.

"நாட்டிற்கு எல்லை வேண்டாமா? வருவோர்க்கெல்லாம் குடியுரிமை கொடுத்தால் நாடு தாங்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. எல்லையைக் காப்பதும், வருவோரை ஆராய்வதும் அரசின் கடமை. ஆனால் நேற்று வந்தவனையும் நாற்பது ஆண்டு வாழ்ந்தவனையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. காலம் ஒரு மனிதனை ஒரு மண்ணோடு பிணைக்கிறது. உழைப்பும், பிறப்பும், அடக்கமும் அப்பிணைப்பை முத்திரையிடுகின்றன. குடியுரிமை என்பது அரசு இரக்கப்பட்டு இடும் பிச்சை அன்று. வாழ்வில் ஏற்கெனவே உண்டாகிவிட்ட உண்மையை ஏட்டில் எழுதுவதே அது. வாழ்வு முந்தியது, ஏடு பிந்தியது. ஏட்டில் இல்லை என்பதற்காக வாழ்வையே இல்லை என்பது முறையாகுமா?

இக்கொடுமை நம் நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் அச்சட்டம் வந்த அதே 1948-இல், போரினால் ஆள் குறைந்திருந்த இங்கிலாந்திற்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து விண்ட்ரஷ் என்னும் கப்பலில் மக்கள் சென்று இறங்கினர். பிரித்தானியக் குடிகளாகவே அவர்கள் சென்றனர். அவர்களைத் தொடர்ந்து வேறு பலரும் தம் பிள்ளைகளோடு சென்றனர். செவிலியராகவும் பேருந்து நடத்துநராகவும் உழைத்து முதுமை எய்தினர். அறுபது ஆண்டுகளுக்குப் பின் அவர்களிடம் பத்திரம் கேட்கப்பட்டது. அவர்கள் வந்திறங்கியதற்குச் சான்றான பழைய சீட்டுகளை அந்நாட்டு உள்துறை அலுவலகமே 2010-இல் அழித்திருந்தது! பலர் வேலையும் மருத்துவமும் இழந்தனர். சிலர் நாடு கடத்தப்பட்டனர். 2018-இல் உண்மை வெளிவந்தபின் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. ஏழையின் வாழ்வு ஒரு துண்டுக் காகிதத்தில் தொங்குவது எங்கும் உள்ள கதை.

புனித சின்னப்பர் எருசலேமில் சாட்டையடிக்குக் கட்டப்பட்டபோது தம் உரோமைக் குடியுரிமையை எடுத்துரைத்ததை அறிவீர்கள். படைத்தலைவன் தான் பெருந்தொகை கொடுத்து அதனைப் பெற்றதாகச் சொன்னான். சின்னப்பரோ பிறப்பினாலேயே அதனைப் பெற்றிருந்தார். அச்சொல்லைக் கேட்டதும் அடிக்க வந்தவர் விலகினர். குடியுரிமை உள்ளவன் முதுகில் சாட்டை எளிதில் விழாது. அஃது இல்லாதவன் முதுகிற்கு யார் காவல்?

இனி, நம்மால் ஆவது என்ன என்று பார்ப்போம். சட்டம் இயற்றும் அதிகாரம் நமக்கில்லை. ஆனால் ஏடுகள் நம்மிடம் உண்டு. ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்குப் பதிவேடு இருக்கிறது. பிறந்த நாள், பெற்றோர் பெயர், ஊர், ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. அது குடியுரிமைப் பத்திரம் ஆகாது. எனினும் பிறந்த நாளையும் குடும்பத் தொடர்பையும் காட்டும் துணைச் சான்றாக உதவும். முகாமில் வாழும் நம் சகோதரர் பாட்டனின் பெயரைத் தேடி நம் பழைய பங்குகளுக்கு வந்தால், "ஏடு செல்லரித்துவிட்டது, நேரமில்லை" என்று திருப்பி அனுப்பாமல், ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம். பொய்ச் சான்று எவருக்கும் தரலாகாது. அது அவருக்கே பின்னர் கேடாய் முடியும். மெய்ச் சான்றைத் தரச் சோம்புவதும் குற்றமே.

முகாம் குடும்பங்களுக்கும், நம் குடும்பங்களுக்கும் கூட, ஒரு வேண்டுகோள். குழந்தை பிறந்தால் 21 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெற்றோர் பெயரும் ஊரும் எழுத்துப் பிழையின்றி இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். 2023 அக்டோபர் 1-ஆம் நாளுக்குப் பின் பிறந்தோர்க்குப் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆவணம் எனச் சட்டம் கூறுகிறது. இன்று பெட்டியில் பத்திரமாய் வைக்கும் ஒரு தாள், நாளை உங்கள் பேரனைக் காக்கலாம்.

படித்தவர்கள் மற்றொன்றும் செய்யலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாதார்க்கு எழுதிக் கொடுங்கள். வழக்கறிஞராய் இருப்போர் மாதத்தில் ஒரு நாளை அவர்களுக்காக ஒதுக்குங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம், வாக்கில்லாத இம்மக்களைப் பற்றி நீங்கள் கேளுங்கள். அவர்களால் கேட்க இயலாது, ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். உங்கள் வீட்டிற்கு வர்ணம் அடிக்க வரும் முகாம் இளைஞனுக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். அவனைச் "சிலோன்காரன்" என்று அழைக்காமல் பெயர் சொல்லி அழையுங்கள்.

அவனுடைய பாட்டன் நம் ஊர்ப்பக்கத்து ஏரிக்கரையிலிருந்தே புறப்பட்டிருக்கலாம். நம் முன்னோர் பஞ்சத்தைத் தாங்கி இங்கே தங்கினர்; அவன் முன்னோர் தாங்க இயலாது சென்றனர். நமக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே.